லினக்ஸில் பென் டிரைவ் மவுன்ட் ஆகவில்லையா? எந்தப் படியில் நின்றுவிட்டது என்று கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பென் டிரைவைச் செருகுகிறோம். ஃபைல் மேனேஜரில் ஒன்றும் வரவில்லை. அல்லது பெயர் வருகிறது, கிளிக் செய்தால் நீளமாக ஒரு எரர் வருகிறது. இந்த இடத்தில் புதியவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: இணையத்தில் முதலில் கிடைக்கும் கட்டளையைக் காப்பி செய்து ஓட்டிவிடுகிறார்கள். டிரைவில் இருந்த கோளாறு சின்னதாக இருந்திருக்கும். ஓட்டிய கட்டளை அதைப் பெரிதாக்கிவிடும்.

ஒரு டிரைவ் திறக்க நான்கு படிகள் தாண்ட வேண்டும். போர்ட்டில் மின்சாரமும் தொடர்பும் சரியாக இருக்க வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அதை டிஸ்க் என்று அடையாளம் காண வேண்டும். உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கி வைத்திருக்கும் முறை) புரிய வேண்டும். கடைசியாக, மவுன்ட் செய்ய, அதாவது டிரைவை ஒரு ஃபோல்டர் போலத் திறக்க, உங்களுக்கு அனுமதி இருக்க வேண்டும். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்த பிறகே கை வைக்க வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். குழப்பம் வரக்கூடிய பெயர்களை எழுத்துக்கூட்டியும் சொல்லியிருக்கிறேன். "-பி", "எஸ்டிபி" இரண்டிலும் பி என்பது ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து; "-டி" என்பது நான்காம் எழுத்து.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் கேள்வி: டிரைவில் உள்ளதற்கு வேறு எங்காவது காப்பி இருக்கிறதா? இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். இல்லையென்றால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: ஃபைல்களை வெளியே எடுக்கும் வரை, டிரைவில் எதையும் எழுதும் கட்டளையை ஓட்டக் கூடாது. ரிப்பேர் கட்டளைகளும் எழுதும் கட்டளைகள்தான்.

இன்னொரு கேபிள், இன்னொரு போர்ட், சூடோ (அட்மின் உரிமையில் கட்டளை ஓட்டும் முறை) பாஸ்வேர்டு, டிரைவின் மொத்த அளவுக்குக் காலி இடம் உள்ள இன்னொரு டிஸ்க், இவை வேண்டும். டிரைவ் விண்டோஸில் ஃபார்மேட் ஆனதாக இருந்தால், நண்பரிடமாவது ஒரு விண்டோஸ் கணினி இருப்பது பெரிய உதவி.

உபுண்டு, டெபியன், மின்ட் வைத்திருப்பவர்கள் எக்ஸ்ஃபேட்ப்ராக்ஸ், என்டிஎஃப்எஸ்-3ஜி, ஸ்மார்ட்மான்டூல்ஸ், ஜிடிடிரெஸ்க்யூ ஆகிய நான்கு பேக்கேஜ்களையும் இப்போதே நிறுவிவிடுங்கள்.

செருகியிருக்கும் மற்ற பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒன்று மட்டும் இருந்தால்தான் தவறான டிரைவில் கட்டளை போகாது.

2. முதலில் கர்னலைப் பேச விடுங்கள், பிறகு செருகுங்கள்

டிரைவைக் கழற்றிவிட்டு டெர்மினலைத் திறந்து "சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ" என்று தட்டுங்கள். டி, எம், இ, எஸ், ஜி என்று ஐந்தே எழுத்து. இது கர்னலின் குறிப்புகளை வந்த உடனே காட்டிக்கொண்டிருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவைச் செருகுங்கள். செருகிய நொடியில் என்ன வந்தது, அதன் பிறகு என்ன வந்தது என்ற வரிசை கண் முன்னாலேயே தெரியும்.

நல்ல டிரைவாக இருந்தால் இப்படி வரும். முதலில் "நியூ ஹை-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ்" என்று ஒரு வரி. ஒன்றிரண்டு நொடியில் அடைப்புக்குள் எஸ்டிபி என்ற பெயரோடு "30031872 512-பைட் லாஜிக்கல் பிளாக்ஸ்", பக்கத்தில் 15.4 ஜிபி. அடுத்து "எஸ்டிபி: எஸ்டிபி1". கடைசியில் "அட்டாச்டு ஸ்கசி ரிமூவபிள் டிஸ்க்". இந்தக் கடைசி வரி வரை வந்துவிட்டால் முதல் இரண்டு படியும் சரி. மூன்றாம் பகுதிக்குப் போங்கள்.

ஒரு வரி கூட வரவில்லை என்றால் சாஃப்ட்வேரில் தேடிப் பயனில்லை. கேபிள், போர்ட், அல்லது டிரைவின் கனெக்டர், இந்த மூன்றில் ஒன்று. சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் கேபிள்கள் உண்டு. அவற்றில் டேட்டா கம்பியே இருக்காது. டெஸ்க்டாப் கணினி என்றால் முன்பக்க போர்ட்டை நம்பாதீர்கள். அது உள்ளே ஒரு நீளமான கம்பி வழியாக மதர்போர்டுக்குப் போகிறது. பின்பக்க போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

"டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் -71", "அனேபிள் டு எனுமரேட்" என்று வந்தாலோ, "ரீசெட்" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தாலோ, தொடர்பு விட்டு விட்டுக் கிடைக்கிறது அல்லது மின்சாரம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இது அடிக்கடி நடக்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை தரும், யுஎஸ்பி 3.0 போர்ட் 900 வரை. சுழலத் தொடங்கும் நேரத்தில் ஹார்ட் டிஸ்க் கூடுதலாக இழுக்கும். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் நான்கு பொருள்களோடு சேர்த்து மாட்டினால் அது கிடைக்காது. காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். சுழலத் தொடங்கி, டிக் என்று ஒலித்து நின்று, மறுபடி தொடங்கினால் ஹப்பை எடுத்துவிட்டு நேராகக் கணினியில் மாட்டுங்கள். நேராக மாட்டியும் அதே டிக் ஒலி என்றால் உடனே கழற்றிவிடுங்கள். உள்ளே இயந்திரக் கோளாறு இருக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு முறை ஓடும்போதும் சேதம் கூடும்.

"யுஏஎஸ்", "அபார்ட்" என்ற இரண்டும் உள்ள வரிகள் வந்தால், சில டிஸ்க் பெட்டிகளில் உள்ள சிப்புக்கும் வேகமான யுஏஎஸ் முறைக்கும் ஒத்துவரவில்லை. சோதிக்க எளிய வழி, யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகுவது. அங்கே ஒழுங்காக ஓடினால் காரணம் அதுதான் என்று ஓரளவு உறுதியாகும். வேகம் குறைவுதான், ஆனால் ஃபைல்களைப் பத்திரமாக எடுத்துவிடலாம்.

3. டிஸ்க்கின் பெயரையும் ஃபைல் சிஸ்டத்தையும் பாருங்கள்

அடுத்து "எல்எஸ்பிஎல்கே -எஃப்". எல், எஸ், பி, எல், கே. இது எதையும் எழுதாது, எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம். ஒவ்வொரு டிஸ்க்கும், அதன் கீழே கிளை பிரிந்தது போல அதன் பார்ட்டிஷன்களும் (டிஸ்க்கைப் பிரித்த பகுதிகள்) தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள். எஸ்டிபி என்பது முழு டிஸ்க். எஸ்டிபி1 என்பது அதில் உள்ள முதல் பார்ட்டிஷன். ஃபைல் சிஸ்டம் இருப்பது எஸ்டிபி1-இல். ரிப்பேர் கட்டளையை எஸ்டிபி மேல் ஓட்டிவிட்டு, "பேட் மேஜிக் நம்பர் இன் சூப்பர்-பிளாக்" என்று வந்ததும் டிஸ்க் போய்விட்டது என்று பயந்து ஃபார்மேட் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. விடுபட்டது அந்த 1 மட்டும்தான்.

பெயர் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். நேற்று எஸ்டிபி, இன்று எஸ்டிசி ஆகலாம். "எல்எஸ்பிஎல்கே" என்று மட்டும் தட்டினால் அளவும் வரும். அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இப்போது எஃப்எஸ்டைப் என்ற நெடுவரிசையைப் பாருங்கள்.

விஃபேட், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 என்று ஏதாவது ஒன்று இருந்தால் நான்காம் பகுதிக்குப் போகலாம்.

பிட்லாக்கர் அல்லது கிரிப்டோ_லக்ஸ் என்று இருந்தால் டிரைவ் பூட்டப்பட்டிருக்கிறது, கோளாறு இல்லை. பாஸ்வேர்டு கொடுத்துத் திறக்க வேண்டும். பிட்லாக்கரைத் திறக்கும் வசதி கிரிப்ட்செட்டப் 2.3.0 பதிப்பிலிருந்து உண்டு. பழைய லினக்ஸில் டிஸ்லாக்கர் என்ற கருவி வேண்டும்.

ஐஎஸ்ஓ9660 என்று இருந்தால், யாரோ லினக்ஸ் நிறுவ அந்த பென் டிரைவில் ஐஎஸ்ஓ எழுதியிருக்கிறார்கள். படிக்கலாம், எழுத முடியாது.

அளவு 0 என்று காட்டினால், அல்லது "நோ மீடியம் ஃபவுண்ட்" என்று வந்தால், மெமரி கார்டு ரீடர் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். பென் டிரைவே அப்படிக் காட்டினால் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப்பால் மெமரியைப் படிக்க முடியவில்லை. அதை எந்தக் கட்டளையாலும் சரி செய்ய முடியாது.

எஃப்எஸ்டைப் வெறுமையாக இருந்தால் ஏழாம் பகுதியைப் பாருங்கள். மவுன்ட்பாயின்ட் நெடுவரிசையில் ஏற்கனவே ஒரு பாதை இருந்தால், டிரைவ் மவுன்ட் ஆகித்தான் இருக்கிறது, ஃபைல் மேனேஜர்தான் காட்டவில்லை. அந்தப் பாதையை நேராகத் திறங்கள்.

செல்போனைச் செருகிவிட்டு இந்தப் பட்டியலில் தேடாதீர்கள். இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் எம்டிபி முறையில் பேசும், டிஸ்க்காக வராது. போன் திரையில் "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. கையால் மவுன்ட் செய்து, உண்மையான எரரை வாங்குங்கள்

"யூடிஸ்க்ஸ்சிடிஎல் மவுன்ட் -பி /டெவ்/எஸ்டிபி1" என்று ஓட்டுங்கள். எஸ்டிபி1 இடத்தில், மூன்றாம் பகுதியில் பார்த்த உங்கள் டிரைவின் பெயர். சூடோ வேண்டாம்.

ஏன் சூடோ மவுன்ட் போடச் சொல்லவில்லை? ஃபைல் மேனேஜர் பின்னால் பயன்படுத்துவதும் இதே யூடிஸ்க்ஸ்தான். அது எங்கே தடுமாறுகிறதோ அதே இடத்தில் இதுவும் தடுமாறும், காரணத்தையும் சொல்லும். சூடோ மவுன்ட் போட்டால் ஃபேட் வகை டிரைவில் எல்லா ஃபைலும் ரூட் என்ற அட்மின் கணக்கின் பெயரில் வந்துவிடும். அப்புறம் உங்களால் ஒரு ஃபைலைக் கூட எழுத முடியாமல், அது தனிப் பிரச்சினை ஆகிவிடும்.

"ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக், மிஸ்ஸிங் கோட்பேஜ்..." என்று நீளமாக வந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். பல வேறு கோளாறுகளுக்கும் பொதுவாக வரும் வாசகம் அது. சூப்பர்பிளாக் என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் அதை ரிப்பேர் செய்யத் தேடுகிறார்கள். உண்மைக் காரணம் டிமெஸ்ஜி ஓடும் ஜன்னலில், கடைசி இரண்டு மூன்று வரியில் இருக்கும். அதைப் படித்துவிட்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

5. எரருக்கு ஏற்ற மருந்து

5.1 என்டிஎஃப்எஸ்: "வால்யூம் இஸ் டர்ட்டி"

என் அனுபவத்தில் மிக அதிகமாக வருவது இதுதான். விண்டோஸில் பயன்படுத்திய எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால், "வேலை பாதியில் நின்றது" என்ற அடையாளம் டிஸ்க்கில் அப்படியே தங்கிவிடும். 2021-இல் கர்னல் 5.15-இல் சேர்ந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர் அந்த அடையாளத்தைப் பார்த்தால் எழுதும் வகையில் மவுன்ட் செய்ய மறுக்கும். "ஃபோர்ஸ் ஃபிளாக் இஸ் நாட் செட்" என்று டிமெஸ்ஜியில் சொல்லும். பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி இந்த அடையாளத்தை இவ்வளவு கண்டிப்பாகப் பார்க்காது. லினக்ஸைப் புதுப்பித்த பிறகு, நேற்று வரை திறந்த டிஸ்க் இன்று திறக்காததற்கு இது ஒரு காரணம்.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இன்னொரு காரணம். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதி தூக்கத்தில்தான் போகிறது. ஒரே லேப்டாப்பில் இரண்டும் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் பார்ட்டிஷன் திறக்காததும் இதனால்தான்.

"ஃபோர்ஸ்" என்று ஆப்ஷன் போடச் சொல்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். வரிசை இதுதான்:

முதலில் படிக்க மட்டும் திறங்கள்: "யூடிஸ்க்ஸ்சிடிஎல் மவுன்ட் -பி /டெவ்/எஸ்டிபி1 -ஓ ஆர்ஓ". எழுதப்போவதில்லை என்று சொன்னால் டிரைவர் மறுக்காது. முக்கியமான ஃபைல்களை எல்லாம் காப்பி செய்யுங்கள்.

இரண்டாவது, அன்மவுன்ட் செய்து விண்டோஸ் கணினியில் செருகி "செக்டிஸ்க் இ: /எஃப்" ஓட்டுங்கள். சி, எச், கே, டி, எஸ், கே. இ என்ற இடத்தில் உங்கள் டிரைவின் எழுத்து. என்டிஎஃப்எஸ்ஸை முழுமையாகச் சரிபார்க்கும் கருவி அதுதான். முடிந்ததும் எஜெக்ட் செய்து எடுங்கள்.

விண்டோஸ் எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் "சூடோ என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் -டி /டெவ்/எஸ்டிபி1". இது சில அடிப்படைப் பிழைகளைத் திருத்தி அடையாளத்தை அழிக்கும், அவ்வளவே. உள்ளே உண்மையில் ஏதாவது உடைந்திருந்தால் அது உடைந்தபடியே இருக்கும். அதனால்தான் காப்பியை முதலில் எடுக்கச் சொல்கிறேன்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பிரச்சினைக்கு, விண்டோஸில் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். அப்போது முழுமையாக அணையும்.

5.2 "அன்னோன் ஃபைல் சிஸ்டம் டைப்"

கர்னலுக்கு அந்த ஃபைல் சிஸ்டம் தெரியவில்லை. எக்ஸ்ஃபேட் என்றால் கர்னல் பதிப்பைப் பாருங்கள். இப்போதுள்ள எக்ஸ்ஃபேட் டிரைவர் 2020-இல் 5.7 கர்னலில் வந்தது. அதற்கு முந்தையதில் எக்ஸ்ஃபேட்-ஃப்யூஸ் பேக்கேஜ் வேண்டும்.

விஃபேட்டையே தெரியாது என்று சொன்னால் பலரும் குழம்பிவிடுகிறார்கள். இன்று காலை அப்டேட் செய்தீர்களா என்று கேட்பேன். ஆர்ச், மஞ்சாரோ போன்றவற்றில் கர்னல் அப்டேட் ஆனதும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கர்னலின் மாட்யூல்கள் (தேவைப்படும்போது மட்டும் ஏற்றப்படும் துண்டுகள்) டிஸ்க்கிலிருந்து நீக்கப்படும். பென் டிரைவ் செருகும்போதுதான் அந்த மாட்யூல் தேவைப்படுகிறது, அது அங்கே இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

5.3 ஃபேட்: மவுன்ட் ஆகிறது, நடுவில் ரீட்-ஒன்லி ஆகிறது

"வால்யூம் வாஸ் நாட் ப்ராப்பர்லி அன்மவுன்டட்" என்பது எச்சரிக்கை மட்டுமே. டிரைவ் திறக்கும். ஆனால் காப்பி செய்யும்போது "ஃபைல் சிஸ்டம் ஹேஸ் பீன் செட் ரீட்-ஒன்லி" என்று வந்தால் உள்ளே கணக்கு உடைந்திருக்கிறது. எழுத வேண்டாம் என்று கர்னலே தடுத்துவிட்டது.

ஃபைல்களை எடுத்துவிட்டு, அன்மவுன்ட் செய்து, "சூடோ எஃப்எஸ்சிகே.விஃபேட் -என் /டெவ்/எஸ்டிபி1" ஓட்டுங்கள். -என் போட்டால் என்ன தப்பு என்று சொல்லும், எழுதாது. பார்த்த பிறகு -என் இடத்தில் -ஏ போட்டுத் திருத்துங்கள். மவுன்ட் ஆன நிலையில் இதை ஓட்டவே கூடாது. கர்னலும் ரிப்பேர் கருவியும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் எழுதினால் மிச்சமிருந்ததும் போகும்.

மெமரி கார்டு என்றால், இதற்கெல்லாம் முன்னால் அதன் ஓரத்தில் இருக்கும் சின்ன லாக் ஸ்விட்சைப் பாருங்கள்.

5.4 "நாட் ஆத்தரைஸ்டு", "ஒன்லி ரூட் கேன் மவுன்ட்"

டிரைவில் பிரச்சினை இல்லை, அனுமதியில் பிரச்சினை. வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வந்திருந்தால் யூடிஸ்க்ஸ் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், அல்லது மறுக்கும். கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் தடையில்லாமல் தரும் ஏற்பாடு அது. ஐ3, ஓபன்பாக்ஸ் போன்ற எளிய சூழல்களில் தானாக மவுன்ட் செய்ய ஆளே இல்லை. யூடிஸ்கீ நிறுவி, தொடக்கத்தில் ஓட விடுங்கள்.

இன்னொரு இடம், எந்த டிரைவை எங்கே மவுன்ட் செய்வது என்ற விதிகள் இருக்கும், இடிசி ஃபோல்டரில் உள்ள எஃப்எஸ்டேப் ஃபைல். பென் டிரைவிலிருந்து டெபியன் நிறுவியவர்கள் அதைத் திறந்து பார்க்க வேண்டும். /டெவ்/எஸ்டிபி1 என்று தொடங்கி /மீடியா/யுஎஸ்பி0 என்று ஒரு வரி இருக்கலாம். நிறுவும் நேரத்தில் இருந்த பென் டிரைவுக்காக விழுந்த வரி அது. அதன் பிறகு எஸ்டிபி1 என்ற பெயரில் எந்த டிரைவ் வந்தாலும் அந்த வரியின் விதிதான் அதற்கும். ஃபைலை ஒரு காப்பி எடுத்துவிட்டு, அந்த வரியின் முன்னால் # போடுங்கள். வேறு வரியைத் தொட வேண்டாம். அதில் தவறு நேர்ந்தால் கணினி பூட் ஆகாமல் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். பிறகு "சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்".

இஎக்ஸ்டி4 டிரைவ் மவுன்ட் ஆகி எழுத மட்டும் விடவில்லை என்றால், ஃபோல்டரின் உரிமையாளர் வேறு ஒருவர். இஎக்ஸ்டி4 உரிமையாளரை டிஸ்க்கிலேயே குறித்து வைக்கும். உங்கள் டிரைவ்தான் என்றால் சிஎச்ஓடபிள்யூஎன் கட்டளையால் மாற்றிக்கொள்ளலாம்.

6. "ஐ/ஓ எரர்" வந்தால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்

டிமெஸ்ஜியில் "பஃபர் ஐ/ஓ எரர்" அல்லது "கிரிட்டிக்கல் மீடியம் எரர்" என்று வந்தால் டிரைவே பழுதாகிக்கொண்டிருக்கிறது. இங்கே செக்டிஸ்க்கும் வேண்டாம், எஃப்எஸ்சிகேவும் வேண்டாம். அவை டிஸ்க் முழுக்க ஓடி, படிக்க முடியாத இடங்களில் முட்டிமோதும். அந்த உழைப்பைத் தாங்கும் நிலையில் டிஸ்க் இல்லை.

கல்லூரி இறுதியாண்டு மாணவி ஒருவர் புராஜெக்ட் முழுவதும் இருந்த டிஸ்க்கைக் கொண்டுவந்தார். அதற்கு முன் மூன்று பேர் மூன்று ரிப்பேர் கருவிகளை ஓட்டிப் பார்த்திருந்தார்கள். முதல் நாளே இமேஜ் (டிஸ்க்கின் முழுப் பிரதி) எடுத்திருந்தால் மொத்தமும் கிடைத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது பாதிதான்.

செய்ய வேண்டியது டிரைவை அப்படியே பிரதி எடுப்பது. எடுக்கும் முன் அன்மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். "சூடோ டிடிரெஸ்க்யூ -என் /டெவ்/எஸ்டிபி பிரதி.ஐஎம்ஜி பிரதி.மேப்". இங்கே மட்டும் எஸ்டிபி, 1 இல்லை. முழு டிஸ்க்கும் வேண்டும். ஃபைல் பெயர்கள் உங்கள் விருப்பம், ஆனால் அவை வேறு டிஸ்க்கில் இருக்க வேண்டும். கட்டளையில் பழுதான டிஸ்க் முதலில், பிரதி இரண்டாவது. தட்டிய பிறகு ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு என்டரை அழுத்துங்கள்.

இந்தக் கருவி எளிதாகப் படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, கடினமான இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும். எது முடிந்தது, எது பாக்கி என்பது மேப் ஃபைலில் இருக்கும். நடுவில் கரண்ட் போனாலும் அதே கட்டளையைத் திரும்ப ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் ஃபைலை மறந்துவிட்டால் இந்த வசதி கிடையாது. முதல் சுற்று முடிந்ததும் -என் இடத்தில் -ஆர்3 போட்டு, விட்டுப்போன இடங்களை மூன்று முறை முயலச் சொல்லலாம்.

ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க "சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ -டி சேட் /டெவ்/எஸ்டிபி". சேட் என்பது சாட்டா என்ற சொல்லின் முதல் மூன்று ஆங்கில எழுத்து. "கரன்ட் பென்டிங் செக்டர்" என்ற வரியில் கடைசி எண் 0 இல்லையென்றால், படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன. பென் டிரைவ்கள் பொதுவாக இந்தத் தகவலைத் தராது.

பிரதி கிடைத்த பிறகு எல்லா ரிப்பேரும் பிரதியின் மேல்தான். க்னோம் டிஸ்க்ஸில் "அட்டாச் டிஸ்க் இமேஜ்" கொடுத்தால் அது ஒரு டிரைவ் போலவே வரும். முதலில் படிக்க மட்டும் திறந்து பாருங்கள்.

7. எஃப்எஸ்டைப் வெறுமையாக இருந்தால்

பார்ட்டிஷன் பட்டியலோ ஃபைல் சிஸ்டத்தின் முதல் பகுதியோ அழிந்திருக்கிறது. விண்டோஸில் செருகினால் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபைல்கள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும், அவற்றுக்கான வரைபடம் மட்டும் இல்லை.

ஆறாம் பகுதியில் சொன்னபடி முதலில் பிரதி. பிறகு அந்தப் பிரதியின் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற கருவியை ஓட்டுங்கள். அது பழைய பார்ட்டிஷனைக் கண்டுபிடித்தால், உடனே "ரைட்" கொடுக்காமல் பி (பென் என்பதன் முதல் எழுத்து) என்ற எழுத்தை அழுத்தி, ஃபைல்களின் பெயர்கள் சரியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அங்கிருந்தே காப்பி எடுக்கலாம்.

8. கழற்றும்போது

காப்பி செய்யும் பட்டை முழுதாக ஓடி மறைந்தாலும் ஃபைல் இன்னும் ரேமில் இருக்கலாம். மெதுவான பென் டிரைவில் இது சில நிமிடம் கூட ஆகும். "சிங்க்" என்று தட்டுங்கள். எஸ், ஒய், என், சி. எல்லாம் எழுதி முடியும் வரை அடுத்த வரி வராது. வந்ததும் "யூடிஸ்க்ஸ்சிடிஎல் அன்மவுன்ட் -பி /டெவ்/எஸ்டிபி1".

"டார்கெட் இஸ் பிஸி" என்று வந்தால் வற்புறுத்த வேண்டாம். "ஃப்யூசர் -விஎம்" என்று தட்டி, பக்கத்தில் மவுன்ட் ஆன பாதையைக் கொடுத்தால் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். பல நேரம் அது அந்த ஃபோல்டருக்குள் போய் நிற்கும் உங்கள் டெர்மினலாகவே இருக்கும். "சிடி" மட்டும் தட்டி வெளியே வந்தால் விட்டுவிடும்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னும் ஒன்று: "யூடிஸ்க்ஸ்சிடிஎல் பவர்-ஆஃப் -பி /டெவ்/எஸ்டிபி". சுழலும் சத்தம் மெல்லக் குறைந்து நிற்பது கையில் தெரியும். நின்ற பிறகு கேபிளை எடுங்கள்.